லிப்டுப் படிப்பு

“...அதுனாலதான் டீச்சர், அவுக அப்பா கேட்ட ஒடனே சரின்னுட்டாக. லிப்டு படிச்சவுகளுக்கு அங்கிட்டு தனி மரியாதையாம்ல. அம்பது மாடிக் கட்டடத்துல லிப்டு நின்னுபோச்சுன்னா மந்திரியா இருந்தாலும் உள்ளயே நிக்க வேண்டியதுதானாம். பொம்பளப் புள்ளைகளும் அந்த வேலைல இருக்காகளாம். ஏசி ரூமுக்குள்ள உக்காந்து கம்ப்யூட்டர்லயே பாத்துக்கிறது. அப்பேர்ப்பட்ட படிப்பு நம்ம புதுக்கோட்டையிலயே இருக்குன்னா கசக்குதா என்ன?”

இதைச் சொன்னவர் கட்டுமாவடியில் ஏலத்தில் மீன் எடுத்து அறந்தாங்கிக்குக் கொண்டுபோய் விற்கிற அம்மா. அவருடைய வீட்டு முன்னறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், என் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அந்த அம்மாவின் மகள் கதவை ஒட்டி நின்றுகொண்டு. மகளுடைய சான்றிதழ்கள் இருந்த ஃபைல் என் மனைவியின் மடியில் இருந்தது. அதை அந்த அம்மாதான் சற்று முன்பு தன் கையால் கொடுத்தார்.

என் மனைவி கல்லூரியில் சொல்லிக்கொடுப்பது லிப்டு இல்லை. நூலகவியல். அந்தப் பட்டத்துக்கு வாய்ப்பேச்சில் எம்.லிப். என்று பெயர். லிப் என்பது லைப்ரரியின் தலைப்பகுதி மட்டும். உடம்பு இல்லாமல் தலை மட்டும் தனியாகப் பயணம் போனதால் கடல் தாண்டி, குவைத்துக்குப் போய், அங்கே ஒரு கட்டடத்தில் வேலை பார்க்கும் தகப்பனின் காதில் லிப்டாக விழுந்திருக்கிறது.

சிரிக்க வேண்டிய இடம்தான். வேறொரு வருஷமாக இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருப்போம், அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்திருப்பார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் உதடு பிரியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருமயத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வாடகைக்குக் காத்திருக்கிற நேரத்தில் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. மீதியை என் வண்டியில் சரக்கு ஏற்றியவர்களின் வாயிலிருந்து படித்தேன். ஜனங்கள் பேசுவதைப் போலச் சுவையான பொருள் வேறு எதுவும் கிடையாது என்பது என் எண்ணம். ஒரு சிமெண்டுக் கடைக்காரர், வியாபாரம் இல்லை என்று சொல்ல மாட்டார், “கடை இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா இருக்குப்பா” என்பார், அது புதன்கிழமையாக இருக்கும். வாழைத்தார் போடுகிற ஓர் அம்மா, தன் மருமகனைப் பற்றிக் கேட்டால், “இருக்காரு, மூடி போட்ட பாத்திரமா” என்பார். இப்படி ஒன்று காதில் விழுந்துவிட்டால் எனக்கு அன்றைய வாடகை குறைந்தாலும் பரவாயில்லை.

அந்த நூலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தவர்தான் என் மனைவி. எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்காதவன் என்று என்னை முதன்முதலில் திட்டியவரும் அவர்தான். எம்.லிப். படித்தவர் எட்டாவது படித்தவனைக் கட்டிக்கொண்டதை அவர் வீட்டில் வெகுநாள் ஜீரணிக்கவில்லை. “என்னங்கடி பண்றது, அவரு எந்த வரிசையிலயும் அடங்க மாட்டேங்குறாரு, அதான் வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டேன்” என்று தன் தோழிகளிடம் சொல்வார். நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் படித்த காலத்தில் அந்தப் படிப்பு என்பது அட்டை. ஒரு புத்தகத்துக்கு ஓர் அட்டை, எழுதியவர் பெயரில் ஓர் அட்டை, பொருளின் பெயரில் இன்னோர் அட்டை. புத்தகம் எதைப் பற்றியது என்று யோசித்து அதற்கு எண் கட்ட வேண்டும். எண்ணுக்கு நடுவில் முக்காற்புள்ளி வரும். அந்தப் புள்ளி இடம் மாறினால் மாட்டு வைத்தியம் போய் மனுஷ வைத்தியத்தோடு உட்கார்ந்துகொள்ளும் என்பார். அவர் வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் அட்டை போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்தது. அட்டைப் பெட்டியின் இழுப்பறைகளில் இப்போது லேப் சாவியும் சாக்பீசும் கிடக்கின்றன. அப்புறம் எண் கட்டுகிற வேலையும் போனது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ கட்டிய எண்ணை இணையத்தில் இருந்து இறக்கி ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அப்புறம் பாடத்திட்டமே மாறியது. தரவு, தரவு மேலாண்மை, தரவை வைத்துப் படம் போடுவது, அதற்கு ஒரு கம்ப்யூட்டர் மொழி.

“நான் படிச்சது அட்டை. நடத்துனது கம்ப்யூட்டர். இப்ப நடத்தச் சொல்றது நான் படிக்கவே படிக்காதது” என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை. காலையில் இட்லிப் பானை அடுப்பில் ஏறியதும் மேடையில் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, போனில் யாரோ ஒரு பையன் நடத்துகிற பாடத்தைக் கேட்டுக் கேட்டு அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். ஆவி பட்டுத் திரை மங்கினால் முந்தானையால் துடைத்துக்கொள்வார். ஒருநாள் காலை, கையில் கரண்டியோடு என்னிடம் வந்து, “இங்க பாருங்களேன், இதுலயும் முக்காற்புள்ளி. அது இல்லாட்டி இதுவும் ஓட மாட்டேங்குது” என்றார். காணாமல் போன சொந்தக்காரரை பஸ்ஸில் பார்த்துவிட்டு வந்தவர் போல அவர் முகம் இருந்தது.

ஆனால் அவர் கற்றுக்கொள்கிற வேகத்தை விட ஆட்கள் குறைகிற வேகம் அதிகமாக இருந்தது. ஒரு காலத்தில் இடம் கேட்டுச் சிபாரிசோடு வந்த துறை. இப்போது அவருடைய வகுப்பில் பெஞ்சுகள்தான் ஒழுங்காக வருகின்றன என்பார்.

இந்த வருஷம் கோடை விடுமுறை தொடங்கியதும் கல்லூரித் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். நான் வெளியில் வண்டியில் இருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும் வழியில் என் மனைவி ஒரு வரி விடாமல் சொன்னார். தாளாளர் கத்தவெல்லாம் இல்லை. காபி கொடுத்திருக்கிறார்.

“மேடம், ஒங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. பத்துப் பேராவது சேந்தாத்தான் இந்த வருஷம் கோர்ஸ் நடத்த முடியும். இல்லாட்டி மூடிட்டு கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்ல ஒரு பேப்பரா சேத்துருவோம். ஒங்களை வெளிய அனுப்ப மாட்டேன். ஹாஸ்டல் வார்டனாப் போட்டுக்கிறேன். இன்னொண்ணு மேடம், கேன்வாஸ் போறப்ப லைப்ரரிங்கிற வார்த்தையே வேண்டாம். அதைக் கேட்டாலே ஜனங்களுக்குத் தும்மல் வருது. டேட்டான்னு சொல்லுங்க, சிஸ்டம்னு சொல்லுங்க. நோட்டீஸையும் அப்படியே அடிச்சாச்சு.”

கேன்வாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் வருவது போலக் கோடையில் கல்லூரி ஆசிரியர்கள் வீடு வீடாக வருவார்கள். அந்த நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. கோட்டுப் போட்ட ஒரு பெண் கண்ணாடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாள். தகவல் இருந்தது, தரவு இருந்தது, சிஸ்டம் இருந்தது. ஒரு புத்தகம் இல்லை. நூலகம் என்ற சொல் எங்கேயும் இல்லை. கீழே சின்ன எழுத்தில் எம்.லிப். என்று மட்டும் இருந்தது, பட்டத்தின் பெயரைப் பல்கலைக்கழகம் இன்னும் மாற்றாததால்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது டீச்சர் கேட்டார், “வார்டன் வேலை மட்டம்னு சொல்லலைங்க. ஆனா இத்தனை வருஷத்துக்கப்பறம் யாராச்சும் நீ யாருன்னு கேட்டா, நான் என்னன்னு சொல்லுறது?”

எனக்கு எதற்கும் ஒரு பதில் வாயில் இருக்கும். அன்றைக்கு ஹாரன்தான் அடித்தேன், எதிரில் ஒன்றும் வராமலே.

இரண்டு மாதம் சுற்றினோம். அவருக்கு நன்றாக நடத்தத் தெரியும், வீட்டு வாசலில் நின்று பேசத் தெரியாது. அதற்குத்தான் நான். வாடகை இல்லாத நேரமெல்லாம் அவரை ஏற்றிக்கொண்டு போய், “அண்ணே, தண்ணி கொஞ்சம் குடுக்கிறீங்களா” என்று ஆரம்பித்து, ஆடு மாடு மழை தண்ணி எல்லாம் விசாரித்து, வீட்டில் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்பதில் கொண்டுவந்து நிறுத்துவேன். அதற்கு மேல் அவர் பேச வேண்டும். மனப்பாடம் செய்ததைப் போலத் தரவு மேலாண்மை என்று தொடங்குவார்.

திருமயத்தில் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு பெரியவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, “டேட்டாவுக்கா படிக்கணும்? அதான் ராத்திரி பன்னெண்டு ஆனா அதுவா வந்துருதே” என்று தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

“அது வேற டேட்டாங்கய்யா.”

“வேறயா? அப்ப அது தீராதா?”

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும், “தீந்துருச்சுன்னு சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு வீட்டில், பட்டம் முடித்த மகளை வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, “எங்க மருமக இதையேதான் வீட்டுலருந்து ஆன்லைன்ல படிக்கிறா. கொழம்பு கொதிக்கிறப்ப ஒரு பாடம், புள்ளை தூங்குறப்ப ஒரு பாடம். பரீச்சைக்கு மட்டும் போயி எழுதிட்டு வந்துருவா. நீங்க எதுக்கு பஸ் ஏறி வரச் சொல்றீக?” என்று கேட்டார். இவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தர் தேடுவதைப் பார்த்தால்தான் தேடக் கற்றுக்கொள்ள முடியும் என்று ஏதோ சொன்னார். அந்த அம்மா நல்லவர். தலையை ஆட்டிக்கொண்டே கோழியை விரட்டப் போய்விட்டார்.

புதுக்கோட்டையில் ஓர் அரசு ஊழியர் வீட்டில் அவருடைய மகனே வந்து எதிரில் உட்கார்ந்தான். “மேம், எது வேணும்னாலும் போனைக் கேட்டா அதுவே எழுதிக் குடுத்துருது. அப்பறம் எதுக்கு இந்தக் கோர்ஸ்?” என்றான். அந்தக் கேள்விக்காகவே இவர் காத்திருந்தது எனக்குத் தெரியும். “அது சொல்றது சரியா தப்பான்னு நீ யாரைக் கேப்ப?” என்று திருப்பிக் கேட்டார். பையன் யோசித்தான். யோசித்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. அவனுடைய அப்பா உள்ளே இருந்தபடியே, “நூலகத்துக்குக் கடைசியா எப்பங்க ஆள் எடுத்தாக?” என்று கேட்டார். நோட்டீஸில் இல்லாத சொல்லை அவர் எப்படியோ மோந்துவிட்டார். இவர் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தார்.

இப்படியெல்லாம் அலைந்து ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் இவர் தூக்கத்தில் கூடச் சொல்லுவார் போல இருந்தது. இன்னும் ஒரே ஓர் ஆள். மறுநாள் சாயங்காலத்துக்குள் சேர்ந்தவர்கள் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில், முதல்நாள் மாலை கட்டுமாவடியில் இருந்து அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸைப் பார்த்தாளாம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாளாம்.

“அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் பேசிட்டேன் மேம். ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. நீங்க நேர்ல ஒரு தடவை வந்துட்டீங்கன்னா ஒரிஜினலைக் குடுத்து விட்டுருவாங்க.”

ஒரிஜினல் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் சேர்க்கை என்பது எங்கள் பக்கத்து நடைமுறை. அது வரைக்கும் எல்லாம் வெறும் பேச்சு. ஒரு தடவை கொடுத்துவிட்டால் வேறு கல்லூரிக்காரன் வந்து கூப்பிட்டாலும் போக முடியாது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். வழி நெடுக இவர் அந்த ஒன்பது பெயர்களையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அறந்தாங்கி தாண்டியதும் உப்புக் காற்று வந்தது. “வந்துருவா, இல்லைங்க?” என்று ஒரு தடவை கேட்டார்.

நாங்கள் போனபோது அந்த அம்மா ஏலத்தில் இருந்தார். மகள்தான் உட்கார வைத்தாள். ஒல்லியான பெண். பேச ஆரம்பித்தால் கை இரண்டும் சேர்ந்து பேசுகிறது. என்ன மாதிரிப் படிப்பு என்று இவர் நோட்டீஸில் உள்ளதை ஒப்பிக்கத் தொடங்கியதும், அவள் இடையில் புகுந்தாள்.

“எனக்குத் தெரியும் மேம். லைப்ரரி சயின்ஸ்தானே. எங்க காலேஜ்ல ஒரு புத்தகம் தேடுனேன். அலமாரில இருக்கு, நானே போன வாரம் கண்ணால பாத்தேன். கம்ப்யூட்டர்ல எழுதுனவரு பேரை அடிச்சா இல்லவே இல்லைங்குது. மறுபடி மறுபடி அடிச்சேன். அப்பறம் ஒரு யோசனை வந்துச்சு. புத்தகத்தோட மேலட்டையில அவரோட அப்பா பேரும் முழுசாப் போட்டுருந்துச்சு. அதை அடிச்சேன். வந்துருச்சு.”

“ஏன் அப்படி அடிக்கத் தோணுச்சு?” இவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“எனக்கும் அப்படித்தானே மேம் நடக்குது. பேங்குலருந்து வர்ற மெசேஜ் பூரா எங்கப்பா பேரைச் சொல்லித்தான் என்னையக் கூப்புடுது. குடும்பப் பேருன்னு கேக்குற எடத்துல நமக்கு என்ன இருக்கு, அப்பா பேரைப் போட்டுர்றோம். புத்தகத்தை ஏத்துனவுகளும் அதையேதான் செஞ்சுருப்பாகன்னு நெனச்சேன்.”

நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வால் கிடையாது. வெளிநாட்டில் செய்த மென்பொருளோ அந்த வாலைத்தான் முதலில் கேட்கும். அதனால் மகன் எழுதிய புத்தகமெல்லாம் அப்பன் கணக்கில் ஏறிவிடும். இதை விளக்க என் மனைவிக்கு ஒரு வாரம் பிடிக்கும், பாதிப் பேருக்கு அப்போதும் புரியாது என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பெண் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டு, கதவில் சாய்ந்து நிற்கிறாள்.

இவர் என் பக்கம் திரும்பி மெதுவாக, “கேட்டீங்களா?” என்றார். ஓர் ஆள் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவர், அந்த நிமிஷத்தில் இந்த ஆள்தான் வேண்டும் என்று ஆகிவிட்டார்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். வாசலில் கால் கழுவிக்கொண்டே, “வாங்க வாங்க, ரொம்ப நேரமாச்சா வந்து? இன்னைக்குப் பார்த்து ஏலம் இழுத்துருச்சு” என்றார். எங்கிட்டுப் பூர்வீகம், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். டீ போடச் சொன்னார். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த ஃபைலை எடுத்துவந்து, “பத்திரமா வச்சுக்கங்க டீச்சர்” என்று இவருடைய இரண்டு கையிலும் வைத்தார். வைத்துவிட்டுத்தான் லிப்டைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தது.

அந்த அம்மா பேசி முடித்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா எதை என்னவாகக் கேட்டுக்கொண்டார் என்று தெரிந்தே, திருத்தாமல் விட்டிருக்கிறாள். எம்.லிப். என்று அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் நோட்டீஸும் அதையேதான் செய்திருந்தது.

சும்மா இருந்தால் போதும். அதற்கு வேண்டிய எல்லாம் எங்களிடம் இருந்தது. சிஸ்டம் இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, கண்ணாடிச் சுவரைத் தொடுகிற பெண் இருந்தாள். இவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தால், சாயங்காலம் பத்தாவது பெயர் எழுதப்பட்டுவிடும். துறை நிற்கும். அந்தத் தகப்பனுக்கு உண்மை தெரிவதற்குள் ஒரு பருவம் முடிந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எந்தப் பக்கத்துப் பேச்சு வெளியில் வரும் என்று எனக்கே தெரியவில்லை.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா, இது லிப்டு இல்லைக்கா” என்றார்.

“என்னது?”

“லைப்ரரி. நூலகம். அதுக்கான படிப்பு.”

இரண்டு மாதமாக எந்த வீட்டு வாசலிலும் அவர் சொல்லாத சொல். சொன்னதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

அந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்தார். “எது, பஸ் ஸ்டாண்டுக்கிட்ட பெருசுகளெல்லாம் உக்காந்து பேப்பர் பாப்பாகளே, அதா?”

“அதான்க்கா.”

“அதுக்கு ரெண்டு வருசம் படிக்கணுமா? பேப்பரை எடுத்து மேசையில போடுறதுக்கு?”

“பேப்பர் மட்டும் இல்லைக்கா. இப்பப் புத்தகம் பாதி கம்ப்யூட்டர்ல இருக்கு. யாரு எதைத் தேடி வந்தாலும் அவுகளுக்கு வேண்டியது கைக்குச் சிக்கணும். ஒங்க ஏலக் கொட்டகையில வந்து எறங்குற மீனைத் தரம் பாத்துப் பிரிச்சு வைக்கலைன்னா என்ன ஆகும்? அந்த மாதிரி.”

“அதை நாங்க படிக்காமத்தானே செய்யிறோம்.”

இவர் ஆமாம் என்று தலையாட்டினார். நானாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

“சரி, வேலை கெடைக்குமா டீச்சர்? கோவப்படாதீக, கேட்டுத்தானே ஆகணும்.”

“முன்னாடி என்கிட்ட படிச்சவுக ஸ்கூல்லயும் காலேஜ்லயும் இருக்காக. சில பேரு கம்பெனில இருக்காக, அங்க இதுக்கு வேற பேரு. இப்பப் படிக்கிறவுகளுக்குக் கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்க்கா.”

“ஒங்க வேலை? அதாச்சும் நெலையா?”

இவர் ஃபைலை மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். “இல்லைக்கா. ஒங்க பொண்ணு சேந்தா இருக்கு. இல்லாட்டி இன்னையோட இல்லை.”

அதை அவ்வளவு தூரம் அவர் சொல்லியிருக்க வேண்டாம். கெஞ்சலாகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அந்த அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப எம்புள்ளை ஒங்களுக்காகப் படிக்கணுமா?”

குத்தலாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இல்லைக்கா. எனக்காக வேணாம். ஆனா ஒண்ணு சொல்லுறேன். இத்தனை வருஷத்துல என்கிட்ட எவ்வளவோ புள்ளைக வந்துருக்கு. சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னாடியே இந்த வேலைக்குன்னு மூளை இருக்கிற புள்ளைய இன்னைக்குத்தான் பாக்குறேன். அவளை எங்கயாச்சும் படிக்க வைங்க. எங்க காலேஜுலதான்னு இல்லை.”

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

“ஒனக்குத் தெரியுமாடி?”

“தெரியும்மா.”

“அப்பறம் ஏன்டி ஒங்கப்பாகிட்டச் சொல்லலை?”

“லைப்ரரின்னு சொல்லியிருந்தா வேணாம்னுருப்பாரு. ஆவணில மாமா வீட்டுல கட்டிக்குடுக்க நாள் பாத்துருப்பீக.”

“அதுக்காக?”

“நான் சொல்லலைம்மா. அவராத்தான் லிப்டுன்னாரு. சந்தோசமாப் பேசுனாரு. எனக்கு நிறுத்த வாய் வரலை.”

அந்த அம்மா சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தார். கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. குரல் தணிந்துபோயிற்று.

“அந்த மனுசன் கூட வேலை பாக்குறவுக அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிட்டாருடி, எம்பொண்ணு லிப்டு படிக்கப் போறான்னு. ஒரு இஞ்சினியரைக் கூப்பிட்டு, படிச்சு முடிச்சதும் இங்க ஒரு வேலை பாத்துக் குடுங்கன்னு கேட்டு வச்சுருக்காரு. நேத்துப் போன்ல, இனி நான் லிப்டுல ஏறுறப்பல்லாம் எம்புள்ளை நெனப்பு வரும்னு சொல்றாரு. அவருகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? நீயே சொல்லு. என்னன்னு சொல்ல?”

வெளியில் ஐஸ் வண்டி ஒன்று போனது. டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவர் இன்னும் ஃபைலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அதை அவராகத் திருப்பிக் கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கொடுக்க மனசு இல்லாமல் இல்லை. கை வரவில்லை. அந்த அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் எழுந்து வந்து இவர் முன்னால் நின்றார். பறிக்கவில்லை. தூங்குகிற குழந்தையை இன்னொருத்தர் மடியிலிருந்து எடுப்பதைப் போல அடியில் கை கொடுத்து எடுத்தார். உள்ளே போய் பீரோவைத் திறந்து, சேலை மடிப்புகளுக்குக் கீழே அதை வைத்தார். பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைத்தார்.